அறுபதுக்கு மேல் ஹர்டி கர்டி கற்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: கேட்டவருக்கு 62 வயது, லண்டன் பக்கம் குடியிருப்பு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. யூட்யூபில் யாரோ ஹர்டி கர்டி (கைப்பிடியால் சக்கரத்தைச் சுற்றி வாசிக்கிற ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) வாசித்ததைக் கேட்டதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. சங்கீதம் முறையாகக் கற்றதில்லை, கேள்வி ஞானம் மட்டும் உண்டு. காலையில் விரல் மூட்டுகள் கொஞ்சம் இறுகியிருக்கும். இந்த வயதில் தொடங்கலாமா, எதை வாங்குவது, குளிர்காலத்தில் சென்னைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாமா?

தொடங்கலாம். சொல்லப்போனால், இருபது வயதுக்காரரைவிட உங்களுக்குத்தான் இது ஒத்துவரும் என்பது என் கட்சி. இந்த வாத்தியம் கேட்பது விரல் வேகத்தை அல்ல, நேரத்தை. வாசிக்க உட்கார்ந்தால் முதலில் தந்திகளில் சுற்றியிருக்கும் பஞ்சைப் பார்க்க வேண்டும், சக்கரத்தில் தடவிய ரோஸின் (வயலின் வில்லுக்குப் போடும் பிசின்) போதுமா என்று பார்க்க வேண்டும், அப்புறம் ஐந்தாறு தந்திகளுக்குச் சுருதி சேர்க்க வேண்டும். வேலை முடிந்து வந்து ராத்திரி அரை மணி நேரம் வாசிக்கலாம் என்று வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் விற்றுவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. நான் பிரான்ஸில் இருக்கிறேன், கற்றதும் இங்கேதான். அதனால் கீழே சொல்வது பெரும்பாலும் பிரெஞ்சு முறை. ஹங்கேரியிலும் ஸ்பெயினின் கலீசியாவிலும் கைப்பழக்கம் கொஞ்சம் வேறுபடும்.

வீட்டில் கட்டாயம் ஒருவர் கேட்பார்: “சுற்றினால் தானாகப் பாடுகிற பெட்டிதானே அது, கற்க என்ன இருக்கிறது?” அது வேறு. தெருவில் வைத்துச் சுற்றுகிற பெட்டி ஆர்கனில் பாட்டு உருளையிலோ துளையிட்ட அட்டையிலோ முன்பே பதிந்திருக்கும். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவந்ததால் வந்த வினை. ஹர்டி கர்டியில் கைப்பிடி செய்வது வயலின் வில்லின் வேலை.

உள்ளே இருப்பது இதுதான். நடுவில் ஒரு சக்கரம், சுமார் 17 செ.மீ. விட்டம், விளிம்பில் ரோஸின் தடவியிருக்கும். வலது கை சுற்றச் சுற்ற அது தந்திகளை உரசிக்கொண்டே இருக்கும். வில்லுக்கு நுனி உண்டு, சக்கரத்துக்கு இல்லை, எனவே நாதம் அறுபடாது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீளமான பெட்டி. பாடும் தந்திகள் அதற்குள் ஓடும், வழக்கமாக இரண்டு, ஒரே சுருதியில். பெட்டியின் பக்கவாட்டில் ஹார்மோனியக் கட்டைகளின் ஒழுங்கிலேயே இரண்டு வரிசைக் கட்டைகள். ஒரு கட்டையை உள்ளே தள்ளினால், அதில் செருகியிருக்கும் சின்ன மரத்துண்டு தந்தியின் பக்கத்தில் போய் முட்டும், தந்தி அந்த இடத்தில் குறுகும், ஸ்வரம் மாறும். விரலை எடுத்தால் கட்டை தன் எடையிலேயே திரும்பி விழும். ஸ்பிரிங் கிடையாது. வீடியோக்களில் எல்லோரும் வாத்தியத்தை முன்பக்கம் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டைல் இல்லை, அப்படிச் சாய்க்காவிட்டால் கட்டைகள் திரும்பி வராது. சுற்றும் வேகத்தில் வாத்தியம் மடியில் நகராமலிருக்க இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட்டும் வேண்டும். பெல்ட் போடாமல் பழகத் தொடங்காதீர்கள், தோள்பட்டைதான் அந்தக் கணக்கைத் தீர்க்கும்.

பெட்டிக்கு வெளியே இருப்பவை சுருதித் தந்திகள். இதில் உங்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. பிரான்ஸில் இரண்டு சுருதி அமைப்புகள் புழக்கத்தில் உண்டு: ஓவேர்ன் முறையில் ஜி-சி, பூர்போனே முறையில் டி-ஜி (எழுத்துகள் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). ஜி-சி வாத்தியத்தில் சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் சுருதித் தந்திகள் ஸ, ப என்று நிற்கும், பாடும் தந்தியை எதையும் அழுத்தாமல் விட்டால் அது பஞ்சமம். பியானோ படித்துவிட்டு வருகிற ஐரோப்பிய மாணவர்கள், பாட்டு எங்கே போனாலும் அடியில் ஒரே நாதம் நிற்பதைக் கேட்டு முதலில் தவிப்பார்கள். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு அது வீட்டுச் சத்தம். ஒவ்வொரு ஸ்வரமும் ஆதார சுருதியோடு எப்படி உட்காருகிறது என்று கேட்பதுதான் இந்த வாத்தியத்தில் பாதி வித்தை. கேள்வி ஞானம் மட்டும் உண்டு என்று சொன்னீர்களே, அது சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சுருதித் தந்திகளில் ஒன்றுக்கு ‘ட்ரோம்பெத்’ என்று பெயர். அதைத் தாங்கும் மரத்துண்டான குட்டிக் குதிரைக்கு இரண்டு கால். ஒரு கால் இறுகச் செருகியிருக்கும், மற்றொன்று சும்மா பலகைமேல் பட்டும் படாமலும் நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதை நாய் என்பார்கள். சீராகச் சுற்றினால் நாய் பேசாது. சுற்றுகிற கையை ஒரு கணம் வெட்டினால், சக்கரம் துள்ளி, தந்தி அதிர்ந்து, அந்தச் சும்மாக் கால் பலகையில் படபடவென்று தட்டும். ‘ர்ர்’ என்று ஒரு குரைப்பு. தாளம் முழுவதும் இதில்தான் வருகிறது. எவ்வளவு வெட்டினால் குரைக்க வேண்டும் என்பதைத் தந்திக்கட்டில் இருக்கும் ஒரு சின்ன முளையைத் திருகி வைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு நூல் ட்ரோம்பெத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். தம்புராவில் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தி ரீங்காரத்தைப் பிடிக்கிறார்களே, அதே அளவு நுணுக்கம். ஒரு வித்தியாசம், தம்புராவில் ஒருமுறை பிடித்தால் நின்றுவிடும், இங்கே அறையின் ஈரப்பதம் மாறினால் நாயின் குணமும் மாறும்.

எனவே கற்பது என்றால் முக்கியமாக வலது கைதான். கடையில் எடுத்தவுடன் எல்லோரும் கட்டைகளைத் தட்டி ஒரு பாட்டைத் தேடுவார்கள். அது ஒரு வாரத்தில் வந்துவிடும், பெரிய விஷயமில்லை. நல்ல ஆசிரியர் முதல் சில வாரங்கள் கட்டையைத் தொடவே விடமாட்டார். ட்ரோம்பெத்தை மட்டும் சக்கரத்தில் விட்டுவிட்டு மற்றவற்றைத் தூக்கி ஓரமாக மாட்டிவிட்டு, ஒரே வேகத்தில் சுற்றச் சொல்வார். மேலே போகும்போது ஒரு வேகம், கீழே இறங்கும்போது ஒரு வேகம் என்று எல்லோருக்கும் வரும், அது போக வேண்டும். பிறகு ஒரு சுற்றுக்கு ஒரு வெட்டு. அது படிந்த பிறகு எதிரெதிர் இடங்களில் இரண்டு. பிறகு நான்கு. நான்கு வெட்டும்போது கைப்பிடியைக் கட்டைவிரல் ஒரு இடத்தில் தள்ளும், மற்ற விரல்கள் வேறொரு இடத்தில் இழுக்கும். பிடியை இறுக்கிப் பிடித்தால் இது நடக்காது, கைக்குள் அது தளர்வாக உருள வேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்று வெட்டு நான்கைவிடக் கஷ்டம், ஏனென்றால் வட்டத்தில் மூன்று இடங்களைக் கை தானாகக் கண்டுபிடிப்பதில்லை. அவசரப்பட்டுத் தோளிலிருந்து வெட்டுகிறவர்களுக்கு மாதக்கணக்கில் வலி இருக்கும். மணிக்கட்டிலிருந்து வர வேண்டும்.

மூட்டு இறுக்கம் பற்றி. இடது கைக்கு இது கிதாரைவிட எவ்வளவோ இதம். தந்தியைப் பலகையில் அழுத்திப் பிடிக்கும் வேலை இல்லை, கட்டையைத் தொட்டுத் தள்ளினால் போதும். அதிகம் அழுத்தினால் ஸ்வரம் ஏறிவிடும், அதனால் மெதுவாக அழுத்துவதுதான் சரியான முறையும். வலது கையைத்தான் கவனிக்க வேண்டும். கைப்பிடியின் குமிழ் சின்னதாக இருந்தால் விரல்கள் மடங்கியே இருக்கும், இறுகும். கொஞ்சம் பெரிய குமிழ் போட்டுத் தரச் சொல்லுங்கள், மரவேலை தெரிந்தவருக்கு அது ஒரு மதிய நேர வேலை. குமிழ் தன் அச்சில் தடையின்றிச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். விரல் மடக்கினால் சிக்கிக்கொண்டு சொடுக்கி நிமிர்கிறது என்றாலோ, ராத்திரியில் கை மரத்துப்போகிறது என்றாலோ, முதலில் டாக்டர், பிறகு வாத்தியம். கைவைக்காத நாற்காலி, தரையில் முழுதாகப் பதிந்த பாதம், காலை இறுக்கம் விட்டபிறகு பயிற்சி. இவ்வளவு போதும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காது. இது சத்தமான வாத்தியம், அதுவும் உங்கள் மடியிலிருந்து நேராக உங்கள் காதுக்கு. சத்தத்தைக் குறைத்து வாசிக்க வழி கிடையாது, மெதுவாகச் சுற்றினால் நாதம் கெட்டுவிடும். வயதாக ஆக முதலில் குறைவது உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன், நாயின் குரைப்பில் நிறைய இருப்பதும் அவைதான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லையே என்று நாயை மேலும் மேலும் முறுக்கி, பக்கத்தில் இருப்பவர்கள் பல்லைக் கடிக்கும்படி ஆக்கிவிடுகிற பெரியவர்கள் உண்டு. வாசித்ததை போனில் பதிந்து, இளவயதினர் யாரிடமாவது கேட்கக் கொடுங்கள். காதுக் கருவி போடுகிறவராக இருந்தால், அதைப் பொருத்துகிறவரிடம் இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லுங்கள். பேச்சுக்கான அமைப்பு, விடாமல் ஒலிக்கும் சுருதியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும், நாதம் நடுங்குகிற மாதிரிக் கேட்கும். வாத்தியத்தின்மேல் பழி போட்டுவிட்டு நீங்கள் நாள் முழுக்கச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி பஞ்சு. சக்கரம் படுகிற இடத்தில் ஒவ்வொரு தந்திக்கும் பஞ்சு சுற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாதம் தகரத்தில் ஆணி கீறியதுபோல் இருக்கும். மருந்துக்கடைப் பஞ்சு எல்லாம் ஒத்துவராது, இழை நீளமாக இருக்க வேண்டும். ஒரு பஞ்சுத் துண்டைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிய திரையாக இழுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே அதன் ஒரு நுனியைத் தந்திக்கும் சக்கரத்துக்கும் நடுவில் காட்டினால் சக்கரமே அதை வாங்கித் தந்தியில் சுருட்டிவிடும். பிறகு பாடும் தந்தியில் மேல் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். கீச்சென்றால் பஞ்சு போதவில்லை. மந்தமாக, மூக்கடைத்த மாதிரி, தாமதமாகப் பேசினால் அதிகம். மெல்லிய தந்திக்கு ஒரு பொட்டு, பெரிய சுருதித் தந்திகளுக்குத் தாராளமாக. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தந்தி மட்டும் முரண்டு பிடித்தால், அது சக்கரத்தில் பதியும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். குதிரையில் தந்தி உட்காரும் வெட்டில் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்துத் தூக்கினால் அழுத்தம் குறையும், எடுத்தால் கூடும். சிகரெட் சுருட்டுகிற காகிதம் இதற்கு உத்தமம். சிகரெட்டே பிடிக்காதவர்கள் பையிலும் அது இருக்கும்.

ரோஸின் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், அதிகமானால் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் ‘டக்’ என்று இடறும். அப்புறம், சக்கரத்தின் விளிம்பை விரலால் தொடாதீர்கள், வருகிற பேரப்பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். தோல் எண்ணெய் பட்ட இடத்தில் பிடிமானம் போய்விடும், நாதத்தில் ஓட்டை விழும். ஆஸ்துமா இருந்தால் ரோஸின் தூசியையும் கணக்கில் வையுங்கள்.

எதை வாங்குவது? முதலில் எதையும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். சில வாத்தியத் தச்சர்களும் சங்கங்களும் மாத வாடகைக்குத் தருகிறார்கள். ஆன்லைனில் அலங்காரமாகச் செதுக்கி, மலிவாகக் கிடைப்பவை மேல் கண் போகும். சக்கரம் வட்டமாக இருக்காது, கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், சரிசெய்கிற செலவில் வேறொன்று வாங்கிவிடலாம். வாசிக்கிறவர்கள் இவற்றுக்கு ‘ஹர்டி கர்டி வடிவப் பொருள்’ என்றே கிண்டல் பெயர் வைத்திருக்கிறார்கள். லேசரில் வெட்டிய பலகைகளை நாமே ஒட்டிச் சேர்க்கிற கிட்கள் இருக்கின்றன, நெதர்லாந்திலிருந்து வரும் நெர்டி கர்டி நன்கு அறியப்பட்டது. கை வேலையில் விருப்பமுள்ளவருக்கு இது நல்ல வழி. சேர்க்கும்போதே எந்த உறுப்பு என்ன செய்கிறது என்று புரிந்துவிடும், பின்னால் பழுது பார்க்கப் பயம் இருக்காது. தேர்ந்த தச்சரிடம் சொல்லிச் செய்வது பல ஆயிரம் யூரோ, முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில், சிலரிடம் வருஷத்துக்கு மேலும், காத்திருக்க வேண்டும். உங்கள் வயதில் யோசிக்க வேண்டிய விஷயம்தான். அதனால் நல்ல தச்சர் கைப்பட்ட பழைய வாத்தியம் விற்பனைக்கு வந்தால் அதையே எடுக்கச் சொல்வேன். பார்க்கப் போகும்போது தந்திகளையெல்லாம் தூக்கிவிட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றி, ஒரு பென்சில் நுனியை விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துப் பாருங்கள். இடைவெளி கூடியும் குறைந்தும் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஜூலையில் ஒரு பயணம் போட முடியுமானால், பிரான்ஸின் நடுவில் லா ஷாத்ர் ஊருக்குப் பக்கத்து ஆர்ஸ் கோட்டையில் நடக்கும் விழாவுக்குப் போங்கள். 1976-இல் சேன்-ஷார்த்தியே கிராமத்தில் தொடங்கியது, 2009 முதல் ஆர்ஸில். தச்சர்கள் கடை விரித்திருப்பார்கள், எடுத்து வாசித்துப் பார்க்க விடுவார்கள். இரண்டு நாள் அங்கே சுற்றினால் பல மாதம் இணையத்தில் படித்ததைவிடத் தெளிவு வரும். அங்கிருந்து கிழக்கே அல்லியே மாவட்டத்தில் ஜென்ஸா என்கிற சின்ன ஊர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாஜோ குடும்பம் அங்கே இந்த வாத்தியம் செய்ய ஆரம்பித்தது, தலைமுறைகளாக அந்த ஊரே அதற்குப் பெயர்போனது. ஒரு தச்சர் வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள்.

வயதைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். ஸ்பெயினில் சந்தியாகோ பேராலய வாசலில், 1188 என்று கல்வெட்டு உள்ள அந்த வாசலில், 24 கிழவர்கள் வாத்தியங்களோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிற்பம் உண்டு. நட்ட நடுவில் இரண்டு தாடிக்காரர்கள் மடியில் இதன் பாட்டன் கிடக்கிறது, அந்தக் காலத்தில் சுற்ற ஒருவர், ஸ்வரம் பிடிக்க ஒருவர். பிறகு பிச்சைக்காரர் கைக்கு வந்தது, உக்ரைனில் பார்வையற்ற பாடகர்கள் ஊர் ஊராக இதைக் கொண்டு போனார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்சாய் நகரத் தச்சர் ஆன்றி பாத்தோன் பழைய கிதார்களையும் லூட்களையும் இதுவாக மாற்றிக் கொடுக்க, அரண்மனைச் சீமாட்டிகள் ஆட்டிடையர் வேஷம் போட்டு வாசித்தார்கள். 1827-இல் இசையமைப்பாளர் ஷூபர்ட் தன் ‘குளிர்காலப் பயண’ப் பாடல் வரிசையை முடிப்பதும் ஒரு கிழவரிடம்தான்: பனியில் வெறுங்காலோடு, விறைத்த விரல்களால் சுற்றிக்கொண்டு நிற்கிறார், தட்டு காலியாக இருக்கிறது. பியானோவின் இடது கை பாட்டு முழுக்க ஸ-ப மாதிரியான வெற்றுச் சுருதியையே பிடித்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

என்ன வாசிப்பது? மேடைப் பாட்டுகளைத் தேடி ஓடாமல் நாட்டிய மெட்டுகளில் தொடங்குங்கள். பூரே, மஸூர்கா, வால்ஸ், ஸ்காட்டிஷ். ஓவேர்ன் பக்கத்துப் பூரே மூன்று தட்டு, பெர்ரி பக்கத்துப் பூரே இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு சின்னப் பகுதிகள்தான், மனப்பாடமாகிவிடும், அதில்தான் நாய் குரைக்கக் கற்கும். ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாதென்று கவலைப்பட வேண்டாம். இங்கே பாதிப் பேர் காதால் பிடிப்பவர்கள், நீங்கள் ஸரிகமவில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதில் கர்நாடகக் கீர்த்தனை வாசிக்கலாம் என்ற நினைப்பு இருந்தால், நான் உற்சாகப்படுத்த மாட்டேன். கட்டை வைத்த வாத்தியம், ஸ்வரம் ஸ்வரமாகத்தான் பேசும். கட்டையை அழுத்தி விட்டால் கொஞ்சம் அசைவு வரும், அதைக் கமகம் என்று சொல்ல மனசு வராது. எளிய தமிழ் நாட்டார் மெட்டுகள் அழகாக உட்காருகின்றன, அது வேறு சுகம்.

கடைசியாக, சென்னை. எடுத்துப் போகாதீர்கள். ஹீட்டர் போட்டுக் காய்ந்த லண்டன் வீட்டிலிருந்து கடற்கரைக் காற்றுக்குப் போனால் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளும், மரச் சக்கரமானால் வட்டம் கெடும். இப்போதைய வாத்தியங்களில் பலகை ஒட்டியோ செயற்கைப் பொருளிலோ செய்த சக்கரங்கள் தாக்குப்பிடிக்கும், ஆனால் கட்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பழுது வந்தால் அங்கே பார்த்துத் தர ஆள் தேடுவதும் சுலபமில்லை. கிளம்பும் முன் தந்திகளைச் சக்கரத்திலிருந்து தூக்கி மாட்டிவிட்டு, பெட்டியில் வைத்து, ஹீட்டருக்குத் தள்ளியிருக்கும் உள்அறையில் வையுங்கள். அங்கே இருக்கும் நாட்களில் மெட்டுகளைப் பாடியே பழகுங்கள், கையால் தொடையில் தட்டி வெட்டுகளைப் போட்டுக்கொண்டு. திரும்பி வந்ததும் அதே நாளில் வாசிக்க உட்காராதீர்கள். பழைய பஞ்சை எல்லாம் உருவிவிட்டு, சக்கரத்தைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து, புதுப் பஞ்சு போட்டு, அடுத்த நாள் சுருதி சேருங்கள்.